கைக்குத் தண்ணீர்

பிணம் தெருமுனை தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். ரேணுகா குடம் குடமாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே வந்தாள். கூடத்துத் தண்ணீரெல்லாம் பாத்ரூமுக்குள் போய் அங்கேயே நின்றுகொண்டது. கணுக்கால் உயரத்துக்குக் கலங்கலாக, சாமந்தி இதழ்கள் மிதந்தன. ஏரிக்கரைப் பக்கம் பறைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இத்தினி பொம்பளைங்க தலைக்கு ஊத்திக்கணும்னு நிக்கிறோம், தண்ணி போவல. இத்தகூட பாக்கறது இல்லியா இந்த வூட்ல?" என்றாள் வளர்மதி. செத்துப்போன தாண்டவராயனின் மூத்த மகள், ஓரிக்கையில் வாழ்க்கைப்பட்டவள். ரேணுகாவுக்கு நாத்தனார்.

பாடையைத் தூக்கும்போது வளர்மதி மாரில் அடித்துக்கொண்டு அழுததிலிருந்தே ரேணுகாவுக்கு வாய் கட்டிப்போயிருந்தது. "எலும்பும் தோலுமா பூட்டியே நைனா! நெய்யும் மொளகுமா நான் கொண்டாந்த கோயில் இட்லிய அத்தினியும் துன்னியே! இந்த வூட்ல உனக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லாம பூட்டுச்சே!" அவ்வளவுதான், சாலவாக்கத்திலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள்கூட ரேணுகாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் தமிழரசனாவது அக்காளை ஒரு அதட்டு அதட்டுவான் என்று பார்த்தாள். அவன் கொள்ளிச்சட்டியோடு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். கட்டியவனும் நம்பிவிட்டானா?

சோறா போடவில்லை? வேளை தவறாமல் குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். "நீ போம்மா, நான் துன்றேன்" என்பார் மாமனார். திரும்பி வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். உடம்பு மட்டும் உருகிக்கொண்டே போனது. குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது, "நான்தான் துன்னுகினு கீறனே, எனக்கெதுக்குக் குழாய்?" என்று அடித்துப் பேசிவிட்டார்.

பாத்ரூம் அடைப்பையும் அவரேதான் பார்த்துக்கொண்டார். அதற்கென்று ஒரு கம்பியைக் கொக்கிபோல வளைத்து வைத்திருந்தார். அந்த வேலைக்கு அவரிடம் சட்டதிட்டம் வேறு. கைக்குக் கவர் கட்ட வேண்டும். ஆசிட்டை ஊற்றி அந்தப் புகையை நெஞ்சில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. எடுத்த அழுக்கைத் தனிக் கவரில் போட்டு முடிய வேண்டும், அப்புறம் பிளீச்சிங் பவுடர். சாக்கடையில் கை வைத்தவர்கள் சொம்பையோ குழாயையோ தொடவே கூடாது. வேறு ஆள்தான் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். "கைக்குத் தண்ணி ஊத்தும்மா" என்று தினமும் குரல் வரும். நிற்க முடியாமல் போன பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் விடவில்லை. சுத்தக்கார மனுஷன் என்று ரேணுகாவுக்கு அதில் பெருமைகூட. கடைசியில் அவர் படுத்த படுக்கையானதும், பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பாத்ரூம் ஞாபகமா வரும்?

கையில் கவரைக் கட்டிக்கொண்டு குந்தினாள். வளர்மதி ஒரு கையில் செல்போன் வெளிச்சமும் இன்னொரு கையில் குப்பைக் கவருமாக மேலே நின்றாள். ஜல்லடையைத் தூக்கிக் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தாள் ரேணுகா. குப்பென்று புளித்த வாடை அடித்தது. கொழகொழவென்று ஒரு கட்டி வந்தது.

"இன்னா அது, சோறாட்டம் கீது?"

சோறுதான். அவள் குழைய வடித்த சோறு. இழுக்க இழுக்க வந்தது. ரேணுகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட பாவி மனுஷா! தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தட்டோடு இங்கே வந்து கொட்டிக் கொட்டி, அடைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தினமும் கம்பியால் குத்திவிட்டாயா? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதோடு, பழி நீங்கிவிட்டது என்று ஒரு நிம்மதியும் வந்தது.

இன்னொரு தரம் இழுத்தாள். கம்பி குத்திக் கவர் கிழிந்திருந்தது, வந்தது வெறுங்கையிலேயே விழுந்தது. வெள்ளைக் கட்டி. நெய்ப் பிசுக்கு. உள்ளே முழு மிளகும் சீரகமும்.

கோயில் இட்லி. பாடை தூக்கும்போது வாங்கிய ஏச்சை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க அது போதும். மேலே நிமிர்ந்தாள்.

வளர்மதி குப்பைக் கவருக்குள் வெளிச்சம் அடித்துச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நைனா துன்னவே இல்லியா?" என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. "என் இட்லி மட்டும் துன்னாரு, இல்ல?"

ரேணுகாவின் கை மூடிக்கொண்டது.

"ஆமா அண்ணி. நீங்க குட்த்தது மட்டுந்தான் எறங்கிச்சு. என் சோறுதான் எறங்கல."

தேங்கிய தண்ணீர் ஒரு சுழி சுழித்துவிட்டு இறங்கியது. ரேணுகா இடது கையால் ஜல்லடையை எடுத்துப் பொருத்தினாள். வளர்மதி குப்பைக் கவரை முடிந்து வைத்தாள். செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு சொம்பில் தண்ணீர் மொண்டாள். அவளும் அந்த அப்பனுக்குப் பிறந்தவள்தானே.

"நீ சொம்பத் தொடாத. கைய நீட்டு."

ரேணுகா இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கையி?"

"நான் கழுவிக்கிறேன் அண்ணி."

"நீட்டுன்றன்ல."

தண்ணீர் விழுந்தது. மூடிய விரல்களின் இடுக்கில் வெள்ளையாகக் கரைந்து வழிந்தது. அதற்கு மேல் மூடி வைத்து என்ன பயன்? ரேணுகா கையை விரித்தாள், உள்ளங்கையில் மிளகு ஒட்டியிருந்தது. வளர்மதி பார்த்தாள். சொம்பு காலியாகும்வரை ஊற்றினாள், மறுபடி மொண்டு ஊற்றினாள்.

"தண்ணி போவுதாம்மா?" என்று கொல்லையிலிருந்து பக்கத்து வீட்டு மங்கம்மா கூப்பிட்டாள்.

"போவுது!" வளர்மதி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "ரேணுகா வேளாவேளைக்குச் சோறு போட்டுகினுதான் இருந்துகீறா. நைனாவுக்குத்தான் எறங்கல. யாரு குட்த்தும் எறங்கல. தமிழு வரட்டும், அவங்கிட்டயும் நானே சொல்றேன்."

ஜல்லடையில் ஒரு மிளகு சிக்கியிருந்தது. வளர்மதி குனிந்து வெறுங்கையால் அதை எடுத்தாள். கவரின் முடிச்சை அவிழ்த்து உள்ளே போட்டு, மறுபடியும் இறுக்கி முடிந்தாள். பிறகு இரண்டு கையையும் ரேணுகாவின் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு ஊத்தும்மா."

ரேணுகா சொம்பை எடுத்தாள்.