லொடலொடா யாரு?

முதல் மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குள் ஐந்தாம் வகுப்பு ரெண்டுபட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு வாரம் படம் போட்டு டைரி எழுதிவரச் சொல்லியிருந்த டீச்சர், வந்த முப்பது டைரிகளையும் சுவரோரம் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். முப்பதில் ஒன்றுக்குத்தான் அத்தனை அடிதடி.

அது ‘புதுசு’ எழுதிய டைரி. அவள் இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று மாதமாகிறது. மூன்று மாதம் கழித்தும் ஒருத்தி புதுசாகவே இருக்கிறாள் என்றால் அது யார் தப்பு? அங்கே யாரும் அதை யோசித்ததில்லை. அவளும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

ஆனால் டைரியோ, அடேயப்பா! குச்சிக் கை, குச்சிக் காலோடு ‘லொடலொடா’ என்று ஒரு சிநேகிதி பக்கத்துக்குப் பக்கம் குதித்துக்கொண்டிருந்தாள். முன்பல்லில் சந்து, கணுக்காலுக்கு இறங்கிய ஒற்றைச் சாக்ஸ், மூடவே மூடாத வாய். திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் அவளுக்கு விக்கல். விடை எட்டு என்று சொல்ல முடியாமல் எட்டுத் தடவை விக்கி, அதற்கும் ஒரு ‘சரி’ வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ரப்பரைக் கடித்துப் பங்கு போடப்போய், தன் பங்கை முழுங்கிவிட்டாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஐ, இது நான்தாண்டி! பல்லைப் பாரு!" என்று ‘ஓட்டைப்பல்’ ஈயென்று இளித்துக் காட்டினாள்.

"ஆசையைப் பாரு! சாக்ஸ் யாரோடது? என்னோடது!" ஓட்டப்பந்தயக்காரி காலைத் தூக்கி பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டாள்.

"வாய் மூடாதவன்னா இந்த கிளாஸ்ல என்னை விட்டா வேற யாருடி?" என்றாள் வகுப்பு லீடர். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புதுசு உள்ளே நுழைந்தாள். மூவரும் டைரியும் கையுமாகப் பாய்ந்து போய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சொல்லு, சொல்லு! லொடலொடா நான்தானே?"

இத்தனை பேர் தன்னிடம் பேசுகிற சந்தோஷத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் லொடலொடா என்று ஒருத்தி இல்லவே இல்லை. எல்லாம் அவள் கட்டிவிட்ட கதை. உண்மையைச் சொன்னால் பொய்க்காரி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். யாராவது ஒருத்தியைக் கைகாட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். காட்டிவிடலாமா?

விரலை நீட்டுவதற்குள் லீடர் அடுத்த பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள். "புதன்கிழமை. நானும் லொடலொடாவும் மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்து சாப்பிட்டோம். எழுந்திருக்கும்போது ரெண்டு பேருக்கும் தலை இடிச்சுது." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாடிப்படிக்கு அடியிலயா? தொடப்பம் வைக்கிற இடமாச்சே அது! அங்க யாருடி போய்ச் சாப்பிட்டது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் போகவில்லை.

"நான் மட்டும்தான்," என்றாள் புதுசு. "தினமும் அங்கதான் சாப்பிடுவேன். லொடலொடான்னு யாரும் இல்ல, சும்மா வரைஞ்சேன். பொய்தான். டீச்சர்கிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கோங்க."

ஓட்டைப்பல்லுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"புதன்கிழமை நான் அந்தப் பக்கமாத்தான் போனேன். உன்னைப் பார்த்தேன். பார்த்துட்டு ஓடிட்டேன்," என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நாம இவளைத் திட்டல, அடிக்கல, அதனால நாம ரொம்ப நல்லவங்கன்னு நெனச்சுட்டு இருந்தோம். ஒருத்தியைத் தனியா விடறதுக்குத் திட்டவே வேணாம்டி. பார்த்தும் பார்க்காத மாதிரி போனாலே போதும். அதுவும் பெரிய தப்புதான்."

லீடருக்கே வாய் மூடிக்கொண்டது.

அன்று மத்தியானம் துடைப்பங்களை ஓரம் தள்ளிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் நாலு பேர் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு டப்பாக்கள் கை மாறின.

"ம், வியாழக்கிழமை என்னாச்சு? சீக்கிரம் சொல்லு!" என்று லீடர் பறந்தாள்.

புதுசு ஆரம்பித்தாள். வியாழன் முடிந்தது, வெள்ளி முடிந்தது, டைரியில் எழுதாத சனி ஞாயிறும் முடிந்தது. மணி அடித்தும் அவள் நிறுத்துகிற வழியாக இல்லை. நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேசப் பார்த்த லீடருக்கு இடமே கிடைக்கவில்லை.

"அடிப்பாவி!" என்று ஓட்டைப்பல் கத்தினாள். "லொடலொடா யாருன்னு இப்பல்ல தெரியுது!"

சிரித்துக்கொண்டே எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். நாலு தலையும் படியில் நங்கென்று இடித்தது.