இஸ்மே வீட்டுத் தரைக்கதவு

வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் காலையில், தூக்கு வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களின் வீட்டுத் தரையில் ஆளுக்கொரு கதவு இருந்தது. தூக்குமேடையில் இருப்பதைப் போலவே இரண்டு பலகை, நான்கு கீல், நடுவில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். ஒருவர் கால் சேர்த்து நிற்கிற அகலம். பெல்மோர்னில் பெரும்பாலும் மரவீடுகள்தான். கல்லை அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்தவை. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் வீட்டையே லாரியில் ஏற்றி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பலகைத் தரையில் ஒரு கதவு முளைத்தது பெரிய அதிசயமாகப் படவில்லை. ஆனால் கனடாவில் சம்பாதித்துத் திரும்பியவர் தபாலாபீசுக்கு எதிரே கட்டிய சிமெண்ட் வீட்டிலும் அது வந்திருந்தது, டைல்ஸில் இருந்த ரோஜாப்பூ ஓர் இதழ்கூடப் பிசகாமல். கொத்தனார்கள் போய்ப் பார்த்துவிட்டு, யார் செய்தாலும் கைவேலை சுத்தம் என்று சொன்னார்கள்.

வாக்கெடுப்பு ரகசியமானது என்றுதான் அரசாங்கம் வானொலியில் சொல்லியிருந்தது. அந்த ரகசியம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. முந்தின ஞாயிறு கருணையைப் பற்றிப் பேசிப் பெண்களை அழவைத்த பாஸ்டர் அல்சீடின் கட்டிலுக்கு அடியில் கதவு இருந்தது. சாராயக்கடை கத்பர்ட்டோ, ஆறு மாதமாகக் கடை உத்தரத்தில் ஒரு சுருக்குக் கயிற்றைத் தொங்கவிட்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "தொங்கவிடணும்யா, எல்லாரையும் தொங்கவிடணும்" என்று முழங்கிக்கொண்டிருந்தவன். அவன் தரை வழவழவென்று அப்படியே இருந்தது. கத்பர்ட்டுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் தானே ரம்பம் எடுத்து ஒரு கதவை அறுத்துப் பொருத்திக்கொண்டான். கீல் அவன் கோழிக்கூண்டில் இருந்து கழற்றியது என்பது ஊருக்கே தெரிந்தது. கூண்டில்லாத கோழிகள்தான் தெருவெல்லாம் திரிந்தனவே.

பெல்மோர்ன் இருந்த தீவில் தூக்குச் சட்டம் என்றைக்கும் போய்விடவில்லை. நீதிபதிகள் தீர்ப்பு எழுதுவார்கள், கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய நீதிபதிகள் ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தி வைப்பார்கள், குற்றவாளிகள் பெல்மோர்ன் மலைமேல் இருக்கும் கோட்டைச் சிறையில் கிழவர்களாகிச் சளி பிடித்துச் செத்துப்போவார்கள். கயிறு தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பியவள் இஸ்மே.

இஸ்மே பஸ் நிற்கும் இடத்தில் பொரித்த ரொட்டியும் உப்புமீனும் விற்றவள். அவள் ஒரே மகன் டெல்ரோய் சொந்தமாக ஒரு மினிபஸ் ஓட்டினான். வரிசையில் முதலில் நிற்கிற வண்டியில்தான் சந்தைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள். ஆகவே ஒருநாள் அவள் மகனைத் தோளைப் பிடித்து உலுக்கி, "எழுந்திருடா, விடிஞ்சிருச்சு" என்றாள். விடிந்திருக்கவில்லை. நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. அவன் வெளியே வந்து வானத்தைப் பார்த்து அம்மாவைத் திட்டிவிட்டு, கோகோ தேநீர் குடித்துவிட்டுப் போனான். அங்கே ஃபிலோமினா மகன் கெர்வின், முதலிடத்துக்காக ராத்திரியே வந்து வண்டிக்குள் படுத்திருந்தான். யார் வண்டியின் மூக்கு முன்னால் இருக்கிறது என்று பேச்சு வந்தது. கெர்வினின் சீட்டுக்கு அடியில் இளநீர் வெட்டும் கத்தி இருந்தது. நிஜமாக விடிந்தபோது டெல்ரோய் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தான். கெர்வின் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன்தான் செய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனும் இல்லை என்று சொல்லவில்லை. தூக்குத் தீர்ப்போடு கோட்டைச் சிறைக்குப் போனவன் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தான்.

இஸ்மேயும் ஃபிலோமினாவும் அதுவரை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவர்கள். அதற்குப் பிறகு இருவரும் அதே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அரசியல்வாதிகள் இஸ்மேயை ஜீப்பில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மைக்கை நீட்டினால் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள்: "என் பையன் மண்ணுக்குள்ள இருக்கான். கொன்னவன் மலைமேல உக்காந்து மூணு வேளை சாப்பிடுறான்." அதற்குமேல் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. தூக்கு ஜெயித்தது. அவள் வீட்டில் கதவு அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் வந்தது. அவள் அதைக் கூட்டித் துடைத்து, கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள்.

மரவீட்டுக்கு அடியில் முழங்கால் உயரம்தான் இடம். அதில் கோழிகள் அடையும். ஆனால் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தால் கோழி இல்லை, மண் இல்லை, வெறும் இருட்டும் ஈரக்கல் வாசனையும்தான். வெளியே குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தால் பள்ளம் எதுவும் இல்லை. ஒரு மீனவன் உள்ளே தூண்டில் விட்டுப் பார்த்தான். நூல் முழுவதும் போனது, நனையாமல் ஜில்லென்று திரும்பி வந்தது. பாஸ்டரின் ஒற்றைச் செருப்பு விழுந்தது, விழுந்த சத்தம் வரவே இல்லை. மக்கள் கதவின்மேல் குளிர்பெட்டியை வைத்தார்கள், தையல் மிஷினை வைத்தார்கள், ஒருவர் மாமியாரின் நாற்காலியை வைத்தார். ஊர் தன் பாட்டுக்கு நடந்தது.

கெர்வினைச் செவ்வாய்க்கிழமை விடியலில் தூக்கிலிட வேண்டும் என்று உத்தரவு கையெழுத்தான அன்றுதான் குரல் தொடங்கியது. எல்லாக் கதவுக்கு அடியிலும் ஒரே குரல், சளி கட்டிய கெர்வினின் குரல். "மணி என்ன?" என்று கேட்டது. மலைமேல் அவன் அறைக்கு ஜன்னல் கிடையாது, காவலர்கள் நேரம் சொல்லக் கூடாது என்பது விதி. கனடாக்காரர், "இது தனியார் வீடு தம்பி, கண்ட நேரத்துல கூப்பிடாதே" என்று டைல்ஸைப் பார்த்துச் சொன்னார். பாஸ்டர் கட்டிலை அடுத்த அறைக்குத் தள்ளினார். கதவும் கூடவே போனது. உண்மையான நேரத்தைச் சொன்னவர்களும் உண்டு. சொன்னால் கீழே விரல்விட்டு எண்ணுகிற முணுமுணுப்பு வரும். அதைவிடக் கேள்வியே தேவலை என்று எல்லோரும் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். கத்பர்ட் மட்டும் தன் பொய்க்கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் கேட்கிறது என்று சொல்லித் திரிந்தான்.

இஸ்மே மட்டும் தவறாமல் பதில் சொன்னாள். "புதன்கிழமை, பொழுது சாயுது. உனக்கு இன்னும் ஆறு நாள் கெடக்கு" என்றாள் முதல் தடவை. பல வருஷமாக நாக்கில் வைத்திருந்ததைத் துப்பிய மாதிரி இருந்தது. கீழேயிருந்து, "தேங்க்ஸ் டான்ட்டி" என்று வந்தது. ஊர்ப் பிள்ளைகள் பெரிய பெண்களைக் கூப்பிடுவது அப்படித்தான். டெல்ரோயின் கூட்டாளிகள் எல்லாம் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த நன்றி அவள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

திங்கள் இருட்டிய பிறகு ஃபிலோமினா வந்தாள். பழைய பழக்கத்தில் பின்வாசல் வழியாகவே வந்து, சுட்ட சீமைப்பலாவைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தாள். மாவு பிசைந்துகொண்டிருந்த இஸ்மே நிமிரவில்லை.

"என்ன வேணும்?"

"உன் வீட்ல அவன் பேசுறானாமே."

"ஊர் பூரா பேசுறான். உன் வீட்ல இல்லையா?"

"எனக்கு ஏது கதவு? நான் வேண்டாம்னுல்ல போட்டேன். வேண்டாம்னு போட்டவளுக்கு ஒண்ணும் கேக்காதாம். செறையிலயும் ஒரு வாரமா உள்ள விடல." ஃபிலோமினா முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில படுத்துக் கேட்டுக்கோ சிஸ்டர்ங்கிறாரு. அந்தாளு கட்டிலுக்கு அடியில நான் படுத்தா, நாளைக்கு எனக்கும்ல தூக்குப் போடுவாங்க."

இஸ்மேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மாவில் போட்டுப் பிசைந்தாள்.

"நான் மன்னிக்கல, பாத்துக்க" என்றாள்.

"நான் அத எப்ப கேட்டேன்? நீ உன் வேலையப் பாரு. நான் சும்மா இங்கன உக்காந்திருக்கேன்."

இரவு முழுக்க இருவரும் அப்படியே இருந்தார்கள். தூக்குக்கு முன்னால் சன்னல்களை அடைத்துவிட்டு, கோட்டை மணி அடிக்கும்வரை திறக்காமல் இருப்பது பெல்மோர்னின் பழைய வழக்கம். எல்லோரும் அடைத்துக்கொண்டு, எல்லோரும் விழித்திருந்தார்கள். இஸ்மே தன் சன்னலை அடைக்க மறந்துவிட்டாள். அல்லது அடைக்கவில்லை. அதன் வழியே கடல் தெரிந்தது. கடலுக்குமேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்து, ஒரு சேவல் தொண்டையைச் செருமிய நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"டான்ட்டி, இருக்கீங்களா? மணி என்ன?"

ஃபிலோமினா முக்காலியிலிருந்து சரிந்து தரையோடு விழுந்தாள். "கெர்வின். அம்மாடா. இங்க இருக்கேன்டா." கதவுப் பலகையில் வாயை வைத்துச் சொன்னாள், கத்திச் சொன்னாள். கீழே அவன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு மறுபடியும், "டான்ட்டி? தூங்கிட்டீங்களா?" என்றான்.

"என் குரல் போகல" என்றாள் ஃபிலோமினா. நிமிர்ந்து இஸ்மேயைப் பார்த்தாள். "நீ சொல்லு. எதையாவது சொல்லு. யாராவது பதில் சொன்னாப் போதும் அவனுக்கு."

இஸ்மே சன்னலைப் பார்த்தாள். கோடு அகலமாகிக்கொண்டிருந்தது. மாவுக் கையோடு மண்டியிட்டாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தபோது ஈரக்கல் வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. சொல்வதற்கு அவளிடம் ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு சொல் இருந்தது. விடிஞ்சிருச்சு என்கிற உண்மையான சொல்தான். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது, தோளைப் பிடித்து உலுக்குகிற குரலில் இல்லை, போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிற குரலில்.

"இன்னும் விடியல. தூங்கு கண்ணு. விடிஞ்சா நானே எழுப்புறேன்."

"சரி டான்ட்டி" என்றது குரல். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. கடலுக்குமேல் இருந்த கோடு எந்த அகலத்தில் இருந்ததோ அந்த அகலத்திலேயே நின்றுவிட்டது.

கோட்டையில் சிறை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார். உத்தரவில் விடியலில் என்று இருந்தது. அவர் விதியை மதிக்கிற மனிதர், ஆகவே காத்திருந்தார். தலைநகரிலிருந்து அமைச்சர் புறப்பட்டு வந்தார். ஊர் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டப்பகல், இந்தப் பக்கம் வந்ததும் டிரைவர் விளக்கைப் போட வேண்டியிருந்தது. வக்கீல்கள் வந்தார்கள். பெல்மோர்னில் செவ்வாய்க்கிழமை பிறந்துவிட்டதா என்று கடலுக்கு அப்பால் இருந்த நீதிபதிகள் இரண்டு வருஷம் விசாரித்து, அது உள்ளூர் விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். உத்தரவில் விடியலை எடுத்துவிட்டு மணிக்கணக்கைப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு இன்னொரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இரண்டாவது கதவுக்கு யார் வீட்டிலும் இடமில்லை.

ஊர் பழகிக்கொண்டது. துணி காயவைக்கப் பாலத்தைத் தாண்டிப் போகிறார்கள், ஈரமூட்டையோடு போய் வெயில் வாசனையோடு திரும்புகிறார்கள். கோழிகள் தோன்றிய நேரத்தில் முட்டையிடுகின்றன. சாராயக்கடையை விடியும்போது மூட வேண்டும் என்பது சட்டம். கத்பர்ட் இதுவரை மூடவில்லை, உத்தரத்துக் கயிற்றில் வாழைத்தார் தொங்குகிறது. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் முடிந்ததும் பாலத்துக்குக் கொண்டுபோய்ச் சூரியனைக் காட்டிவிட்டு வருகிறார்கள். சில பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, சில அழுகின்றன.

கெர்வினின் குறட்டை இப்போது வயதான ஆளின் குறட்டை. எப்போதாவது புரண்டு படுத்து மணி கேட்பான். இஸ்மே அதே பதிலைச் சொல்வாள், பக்கத்தில் மாவு உருட்டிக்கொண்டிருக்கும் ஃபிலோமினா தலையை ஆட்டுவாள். மன்னித்துவிட்டாயா என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "இல்ல. மணி கேட்டான், சொன்னேன்" என்பாள் இஸ்மே. ஞாயிறுகளில் கல்லறைக்குப் போகிறாள். டெல்ரோய்மேல் முளைத்த புல்லில் பனி உலர்ந்ததே இல்லை. அங்கேயும் இன்னும் விடியவில்லை. அவனை எழுப்ப வேண்டிய நேரமும் வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். எண்ணெய்ச் சட்டியோடு மேஜைக்குப் போகும்போது அந்தக் கதவை மிதிக்காமல் சுற்றிப் போகிறாள், பலகை கிரீச்சிடும் என்பதால்.