ஆறாம் சிலிண்டரும் ஏழு கிழங்குகளும்

போர் தொடங்கி இரண்டாவது குளிர்காலம். யூரல் மலைப்பக்கத்து இன்ஜின் ஆலையில் பொறியாளர் யெரெமேய் லுகீச்சுக்கு மூன்று வாரமாகச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. காரணம் அவருடைய புது விமான இன்ஜின். வட்டமாக ஏழு, அதன் பின்னால் ஏழு என்று பதினான்கு சிலிண்டர்கள். தண்ணீர் கிடையாது, வீசுகிற காற்றுதான் எல்லாவற்றையும் குளிர்விக்க வேண்டும். முன்வரிசை சமர்த்து. பின்வரிசையில் ஐந்தாம் சிலிண்டரின் வெப்ப மீட்டர் மட்டும், ஓட்டிய இருபதாவது நிமிடம் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். உடனே நிறுத்தியாக வேண்டும். அந்தச் சிலிண்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் தகட்டை அவர் பதினொரு விதமாக வளைத்துப் பார்த்துவிட்டார். ஐந்து மசியவில்லை.

அன்று பகல் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனவர், மறந்துவிட்ட கையுறைக்காகச் சோதனைக்கூடத்துக்குத் திரும்பினார். உள்ளே சுட்ட கிழங்கு வாசம். இன்ஜின்மேல் ஒரு பஞ்சுக்கோட்டு போர்த்தியிருந்தது. இன்ஜினை ஓட்டும் கிளாஷா ஒன்றும் தெரியாதவள்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோட்டைத் தூக்கினார். பின்வரிசையில், சிலிண்டருக்கு ஒன்றாக ஏழு உருளைக்கிழங்குகள்.

"கிளாஷா! இது போர்விமான இன்ஜின்!"

"தெரியும் லுகீச். அதான் நல்லா வேகுது."

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீங்க தகட்ட வளைக்க ஆரம்பிச்ச நாளா. சூடு வீணாப் போகுதேன்னுதான்... கத்தாதீங்க, ஒண்ணு எடுத்துக்குங்க. ஆறுல இருக்கறத மட்டும் தொடாதீங்க, அது எப்பவும் கரிக்கட்டை. அஞ்சுலதான் பதமா வேகும்."

கிழங்கை வாய்க்குக் கொண்டுபோன லுகீச் அப்படியே நின்றார்.

"அஞ்சுலயா? மீட்டர்படி அஞ்சுதானே கொதிக்குது?"

"மீட்டருக்கு என்ன தெரியும்? அது தின்னா பாத்துச்சு?"

கிழங்கை விழுங்கிய லுகீச், பிஸ்டனை அளக்கும் கருவியால் அளந்து அளந்து ஒரே பருமனில் ஏழு கிழங்குகளைப் பொறுக்கினார். கிளாஷா இன்ஜினை மறுபடி ஓட்டி நிறுத்தினாள். கோட்டைப் போர்த்திவிட்டு இருவரும் பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள்போல் காத்திருந்தார்கள். ஐந்து பொன்னிறம். ஆறு கரி.

லுகீச் தரையில் படுத்து மீட்டர்க் கம்பிகளைத் தடவிக்கொண்டே போனார். ஐந்தின் கம்பி ஆறிலும், ஆறின் கம்பி ஐந்திலும் மாட்டியிருந்தன. மாட்டியது யார் என்று அவர் விசாரிக்கவில்லை. மாட்டியது அவரேதான்.

ஆறாம் சிலிண்டரின் தகட்டை லேசாக வளைத்தார். இன்ஜின் நூறு மணி நேரம் முணுமுணுக்காமல் ஓடியது.

மாஸ்கோவுக்கு அறிக்கை எழுதும்போதுதான் அவருக்கு வியர்த்தது. கிழங்கு என்று எழுதினால் வேலை போகும். வேலையோடு போனால் புண்ணியம். 'தாவர வகை வெப்பங்காட்டியின் உதவியால் பிழை கண்டறியப்பட்டது' என்று எழுதி அனுப்பினார்.

பத்தாம் நாள் தந்தி வந்தது: 'அவ்வெப்பங்காட்டியில் பன்னிரண்டு உடனே அனுப்பவும்.'

"செத்தேன்," என்றார் லுகீச்.

"எதுக்குச் சாகணும்? கேட்டத அனுப்புங்க." கிளாஷா மரத்தூள் நிரப்பிய பெட்டியில் பன்னிரண்டு கிழங்குகளை அடுக்கி, மேலே 'உடையும், கவனம்' என்று எழுதினாள்.

அதன்பின் வாசலில் கார்ச்சத்தம் கேட்டாலே லுகீச் மேஜைக்கடியில் எதையோ தேடத் தொடங்கினார். மூன்றாவது வாரம் பதில் வந்தது: 'பன்னிரண்டும் சோதனையில் முழுமையாகத் தீர்ந்தன. முடிவுகள் மிகவும் திருப்தி. மேலும் ஐம்பது அனுப்பவும். வெண்ணெய் எங்களிடம் இருக்கிறது.'

"வெண்ணெய வச்சுக்கிட்டா நம்மகிட்டக் கிழங்கு கேக்கறானுங்க?" கிளாஷாவுக்கு மூக்கு சிவந்தது. "வெண்ணெய் வந்தாத்தான் கிழங்குன்னு எழுதுங்க லுகீச்!"

லுகீச் பேனாவை எடுத்தார். 'வெப்பங்காட்டிக்கான மசகு, உண்ணத்தக்க தரம், இரண்டு கிலோ' என்று சுத்தமான அலுவலக மொழியில் கேட்டு எழுதினார்.

ஒன்றரைதான் வந்தது.