கற்பூரவள்ளி அல்லாத இலை

நுவரெலியாவிலிருந்து கொணர்ந்த றீகல் பெலர்கோனியம் என்னும் பூச்செடியை உரும்பிராய் வெயில் படாமல், ஓராண்டாகப் பூச்சாடியில் வளர்த்து வந்தாள் உதயகலா. மார்கழிக் குளிரில்தான் முதன்முதலாக மொட்டுகள் அரும்பியிருந்தன. இன்று காலையிலோ சாடியில் வெறுந்தண்டே நின்றது. அவள் திகைத்துப்போனாள்.

"பிள்ளை, மூக்கடைச்ச தடிமனுக்கு உன்ரை கற்பூரவள்ளியை முறிச்சு அவிச்சனான்," என்றார் அயல்வீட்டு இராசநாயகம், ஆவி பறக்கும் பேணியுடன் வேலிக்கு அப்பால் நின்றவாறு.

"ஐயோ அண்ணை, உது கற்பூரவள்ளி இல்லை, பூக்கண்டு! குடிக்காதேங்கோ!"

அவருடைய முகம் வெளிறிற்று.

"அரைப்பேணி குடிச்சிட்டனே! ஆளைக் கொல்லுமோ?"

பேணிக்குள் அவளுடைய மொட்டுகள் வெந்து மிதந்தன.

"தெரியாதண்ணை," என்றாள் உதயகலா, பேணிக்குள் பார்த்தபடி. "எப்ப பூக்குமெண்டுதான் ஒரு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருந்தனான்."