தெருப் பக்கத்து டயர்கள்

சகலை சதக்கத்துல்லா கொழும்புச் சம்பாத்தியத்தில் கார் வாங்கி எதிர்வீட்டு வாசலில் நிறுத்திய நாளிலிருந்து பாக்கருக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை கீழக்கரையில் அந்தத் தெருவுக்கே ஒரே கார் பாக்கருடைய பச்சை மோரிஸ்தான். இப்போது மனைவியின் தம்பி சுஐபுக்குத் திருப்பாலைக்குடியில் நிக்காஹ். மாப்பிள்ளை எந்த மருமகனின் காரில் ஏறுவது? நடுவழியில் கைவிடாத டயர் யார் காரில் இருக்கிறதோ அதில்தான் என்று மாமி சொல்லிவிட்டார்.

பாக்கரின் டயர் நாலும் வழுக்கை. மதுரைக்கே ஓட்டிக்கொண்டு போனார். டயருக்குத் தட்டுப்பாடான காலம். அவர் வண்டி அளவுக்கு இரண்டுதான் இருந்தது. இரண்டையும் பின்னால் போடச் சொன்னார் கடைக்காரர். பாக்கர் யோசித்தார். வீட்டுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினால் எதிர்வீட்டுக்குத் தெரிவது வலது பக்கம்தான்.

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ரெண்டையும் வலது பக்கமே போடுங்க."

இப்படி யாரும் போடமாட்டார்கள் என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். பொறாமைக்குக் காது கேட்குமா? வழி நெடுக வண்டி இடது பக்கமே இழுத்தது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டித்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் அந்த இரண்டு டயரை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நினைத்தபடியே சதக்கத்துல்லா வந்து, குனிந்து, புது ரப்பரைத் தடவிப் பார்த்தான்.

"நாலும் புதுசா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"பின்னே?"

அவன் முகம் சுருங்கும் என்று பாக்கர் காத்திருந்தார். சுருங்கவில்லை. நேரே மாமியிடம் போய், காக்கா வண்டியே போகட்டும், என் டயர் கொஞ்சம் ஓடியதுதான் என்று சொல்லிவிட்டான். தோற்றவன் சிரித்துக்கொண்டே போனால் ஜெயித்தவனுக்கு என்ன சுகம்? பாக்கருக்கு அதிலும் ஆத்திரம்தான் வந்தது.

நிக்காஹ் அன்று தேவிபட்டினம் தாண்டியதும் இடது பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னி அதைவிடக் கந்தல். பின்னால் வந்த சதக்கத்துல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையை மாலையோடு தன் காரில் ஏற்றிக்கொண்டு, பாக்கரையும் கூப்பிட்டான். வண்டியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று பாக்கர் நின்றுகொண்டார். ஓரமாக நின்ற மோரிஸைக் கடக்கும்போது சுஐபு எட்டிப் பார்த்தான்.

"இங்கன ரெண்டும் புத்தம் புதுசா இருக்கே மச்சான்?"

பாக்கர் போகிற காரின் டயர்களையே பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. அதைப் பார்த்தும் அவருக்கு வயிறு எரிந்தது.