ரொக்காயாவின் பகா எண்

பாண்டுங்கில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு மழைக்காலத்தில்தான் எங்கள் கணிதப் பேராசிரியர் கரும்பலகையில் 73939133 என்று எழுதி, "இது பகா எண்" என்றார். கடைசி இலக்கத்தை அழித்தார். மிஞ்சியதும் பகா எண். இன்னொன்றை அழித்தார், அதுவும் அப்படியே. அழித்து அழித்து 7 மட்டும் நின்றது.

"நம்பாதவங்க வகுத்துப் பாத்துக்குங்க," என்றார்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரொக்காயா நம்பவில்லை.

"நாமே பாத்துருவோம் இமாஸ். அதோட வர்க்கமூலம் எட்டாயிரத்து அறுநூறைத் தாண்டாது. அதுக்குள்ள இருக்கிற பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்தா போதும்."

"போதுமா? ஆயிரத்துக்கு மேல இருக்குடி! உனக்குக் கல்யாணப் பைத்தியம் பிடிக்கும்னு பாத்தா, இந்தப் பைத்தியமா?"

"நீ பாதி, நான் பாதி. வாயை மூடிட்டு வகு."

கொடியில் ஈரத்துணி தொங்கும் அந்த அறையில், சூடான இஞ்சிப் பாலோடு உட்கார்ந்து வகுத்தோம். ஒருநாள் "மீதியில்லாம வகுபடுது, உடைஞ்சிருச்சு!" என்று கத்தினாள். நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் கழித்தலில் சறுக்கியிருந்தாள். "பொறாமைக்காரி" என்று என்னைத் திட்டிவிட்டு, என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

முடிப்பதற்குள் சொந்த ஊரான காருட்டிலிருந்து அவள் அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, படிப்பு அதோடு நின்றது. மிச்சத்தை நான் தனியாக வகுத்தேன். கல்யாணத்தன்று மணப்பெண் அறைக்குள் நுழைந்தபோது அவள் தலையில் கிரீடத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"கடைசி ஒண்ணுதான். 8597."

தலையை அசைக்காமல் கண்ணை மூடினாள். "அதை 8600 தடவை எடுத்தா... மீதி 4933. இமாஸ்! உடையலை!"

அலங்காரம் செய்தவள், "ஆடாதேம்மா!" என்று அதட்டினாள். வாசலில் காத்திருந்த மாப்பிள்ளை சுத்ராஜத், "என்ன உடையலை?" என்று எட்டிப் பார்த்தார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். ரொக்காயா ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒன்பதாவதா ஒரு இலக்கம் சேத்தா?"

அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

இரட்டை இலக்கங்களும் 5-உம் எப்படியும் ஆகாது. 1, 7 இரண்டையும் அவள் அங்கேயே தள்ளினாள். சேர்த்தால் மூன்றால் வகுபடும். 3 சேர்த்ததை 127 உடைத்தது. 9 மட்டும் பிடிகொடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு மழைநாளில் சுத்ராஜத் சொட்டச் சொட்ட நனைந்து என் வாசலில் நின்றார்.

"அதுவும் உடைஞ்சிருச்சு! உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டு வரச் சொன்னா."

கடைசி இலக்கத்தை அழித்துக்கொண்டே போனாலும் பகா எண்ணாகவே நிற்கும் எண்களில் 73939133-ஐவிடப் பெரியது கிடையாது என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். சொல்வதற்காகப் பேருந்து பிடித்துக் காருட்டுக்குப் போனேன். "அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள், தலை நரைத்த ரொக்காயா.