விருதும் தாடியும்

வாழ்நாள் சாதனை விருது என்று போனில் சொன்னபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. சிலைகள் வீட்டில் ஏற்கெனவே கிடக்கின்றன. குடிகாரப் பாதிரியாராக நடித்ததற்குக் கிடைத்ததை என் மனைவி குட்னி சமையலறை ஜன்னலுக்கு முட்டாக வைத்திருக்கிறாள். ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயி வேஷத்துக்குக் கிடைத்தது குளியலறையில் இருக்கிறது. எனக்கு வேண்டியது சிலை இல்லை, வேஷம். தோர்டிஸ் என்ற பெண் இயக்குநர் எடுக்கப்போகும் படத்தில், கப்பலை விட்டுக் கரைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவன் வேஷம். என்னை யாரும் நடிக்கக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. இது எனக்குத்தான் என்று நானே முடிவுகட்டி, கோடை முழுக்கத் தாடி வளர்த்தேன்.

காலையில் ரெய்க்யாவிக் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் என்னோடு ஊறும் கூட்டம் அதைச் சும்மா விடவில்லை. மீன்பிடிக் கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்னோர்ரிதான் ஆரம்பிப்பான்.

“என்னடா ஈவார், ஆட்டுக்கிடா மாதிரி? பிளேடு வாங்க வக்கில்லையா? நாங்க வேணா வசூல் பண்ணித் தரவா?”

“வேஷத்துக்குடா.”

“எவன் குடுத்தான்?”

“குடுப்பாங்க.”

விழாவில் என் பழைய படங்களை வெட்டி ஒட்டிப் போட்டார்கள். திரையில் நான் அழுதேன், குடித்தேன், கடலில் மூழ்கிச் செத்தேன். விளக்கு எரிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வழியனுப்புகிறார்கள் என்று புரிந்தது. சிலையைக் கொடுத்தது தோர்டிஸ்தான். மேடைக்குப் பின்னால் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அந்தக் கிழவன் வேஷம்...?”

அவள் என் தாடியைப் பார்த்தாள். “அடடா, அதுக்காகவா இது? ஆள் போட்டாச்சு ஈவார். சினிமாவுக்கே புதுசு.”

“யாரு?”

“நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதேன்னுட்டாரு.”

மறுநாள் தொட்டியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். “வாய்யா வாழ்நாளு! தண்ணி பட்டா துருப்பிடிச்சிடப் போறே!” ஸ்னோர்ரி மட்டும் கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு மூக்குவரை நீருக்குள் இருந்தான். மற்றவர்கள் காபி குடிக்கப் போன பிறகு தலையைத் தூக்கினான்.

“ஈவார், அந்தக் கிழவன் நான்தான்.”

என் கை தானாகத் தாடிக்குப் போனது.

“துறைமுகத்துல சும்மா உட்கார்ந்திருந்தேன், தோர்டிஸ் வந்து கேட்டா. நான் உன் பேரைத்தான் சொன்னேன், சத்தியமா.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“விடேன்.”

“சொல்லுடா.”

“‘அவர் நடிச்சிடுவாரே’ன்னா.”

வீட்டில் கிடக்கும் அத்தனை சிலையும் அதற்காகத்தானே கொடுத்தார்கள்! கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது, கூடவே அவன்மேல் பொறாமையும். தோள் தொங்க, எதையும் பார்க்காமல் அவன் உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

“பயமா இருக்குடா. கேமரா முன்னாடி கையை எங்க வெச்சுக்கணும்? சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அவனும் நடிக்க ஆரம்பித்துவிடுவான். வேஷம் என்னிடமே திரும்பி வந்தாலும் வரும். வார்த்தை வாய்வரை வந்தது.

“இப்ப எங்க வெச்சிருக்கே?”

“தண்ணிக்குள்ளதான் எங்கேயோ. கவனிக்கலையே.”

“அப்படியே இருக்கட்டும். எங்கிட்ட மட்டும் எதையும் கத்துக்காதே.”

வீட்டுக்குப் போய், விவசாயிச் சிலைக்குப் பக்கத்தில் நின்று தாடியை மழித்தேன். பாதி மழித்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். தோற்றுப்போன கிழவன் தாடி மழிப்பதை அருமையாக நடித்துக்கொண்டிருந்தேன்.